'மருத்துவச் செலவு' என்று எழுதிய பக்கங்கள்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், நம் கூட்டமைப்பு வந்த வழியை எழுதுங்கக்கா என்று கேட்டார்கள். எனக்கு மேடையில் பேச வரும், எழுத வராது. சரி, ஞாபகத்தை நம்ப வேண்டாம் என்று சேவை மையத்து இரும்புப் பெட்டியைத் திறந்து பழைய தீர்மான நோட்டுகளை வெளியே எடுத்தேன். சிலதில் கரையான் ஏறியிருந்தது. சிலதில் கைநாட்டு மை இன்னும் பளிச்சென்று இருந்தது. மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். சேமிப்பு, சந்தா, வங்கிக்கடன் எல்லாவற்றையும் எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் படிக்கப் படிக்க என் கண் ஒரே இடத்தில்தான் போய் நின்றது. உள்கடன் பதிவில் 'கடன் எதற்கு' என்று ஒரு கட்டம் இருக்கும் இல்லையா? ஆடு வாங்க, விதை வாங்க, காது குத்து, பள்ளிக்கூடச் சீருடை. இவற்றுக்கு நடுவில் திரும்பத் திரும்ப இரண்டே சொல்: மருத்துவச் செலவு.

ஆடு வாங்கக் கொடுத்த கடன் குட்டி போட்டுத் திரும்பி வந்தது. மருத்துவச் செலவுக்குக் கொடுத்த கடன் ஆட்டையும் சேர்த்து விற்க வைத்தது. இது எங்கள் நோட்டிலேயே அடுத்தடுத்த பக்கங்களில் தெரிகிறது. அதனால் இந்தக் கட்டுரையைக் கூட்டமைப்பின் முழு வரலாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு அலைந்த காலத்திலிருந்து ஆஸ்பத்திரி வீட்டுக்கு வந்த காலம் வரைக்கும் என்ன நடந்தது என்று மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் தர்மபுரி மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-இல் இங்கேதான் தொடங்கின. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் ஆரம்பித்தது. அப்புறம் 1997-98-இல் மாநில அரசின் மகளிர் திட்டம், 2005-இல் புதுவாழ்வு, 2012-இல் ஊரக வாழ்வாதார இயக்கம். பெயர் மாறினாலும் உட்காருகிற பாய் அதேதான். அந்தக் காலத்தில் எங்களுக்குச் சொன்னது சேமிப்பும் கடனும் மட்டும். உடம்பைப் பற்றி யாரும் பேசவில்லை. உடம்பு தானாகவே நோட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதற்கும் முன்னால் போக வேண்டும். என் அப்பாவின் மூத்த அக்காவை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்பே கசநோய் வந்து, தூரத்திலிருந்த ஒரு சானடோரியத்தில் கொண்டுபோய் விட்டார்களாம். ரயில் ஏறிப் போனவள் திரும்பி வரவில்லை. அவள் குடித்த பித்தளை டம்ளரை என் பாட்டி தனியாகப் பரணில் வைத்திருந்தாள். யாரும் அதில் குடிக்கவும் கூடாது, தூக்கிப் போடவும் கூடாது. "பக்கத்துல வெச்சுப் பாத்திருந்தா ஒரு வாய் கஞ்சியாவது எங் கையால குடிச்சிருப்பா" என்பாள் பாட்டி. வீட்டிலே வைத்திருந்தால் மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும், அனுப்பியது சரிதான் என்று நான் வளர்ந்த பிறகு நினைத்துக்கொள்வேன்.

என் மகள் நர்சிங் படித்தவள். ஒருநாள் இந்த டம்ளர் கதையைக் கேட்டுவிட்டு, "அம்மா, அத்தைப்பாட்டிக்கு ஒரு பத்து வருஷம் கழிச்சு அந்த நோய் வந்திருந்தா வீட்டுலயே பிழைச்சிருப்பாங்க. அதை உலகத்துக்கே சொன்னது நம்ம மெட்ராஸ்தான்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டேன். இதோ:

1956-இல் சென்னையில் கசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்று தொடங்கினார்கள். சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று இருக்கிறதே, அதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாரும் சேர்ந்து செய்தது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் முன்னின்று நடத்தினார். அப்போது சானடோரியம் என்பது நல்ல காற்று, முழு ஓய்வு, நல்ல சாப்பாடு. தாம்பரத்தில் 1928-இலேயே டாக்டர் சவரிமுத்து தொடங்கிய சானடோரியம் இருந்தது, மதனப்பள்ளியில் அதற்கும் முந்தையது. ஆனால் நோயாளிகள் எத்தனை பேர், கட்டில் எத்தனை! கட்டில் கிடைக்காதவர்கள் என்ன ஆவது? ஐசோனியாசிட் என்ற மாத்திரை 1952 வாக்கில் வந்திருந்தது. அந்த மாத்திரையை வீட்டிலிருந்தபடியே சாப்பிட்டால் போதாதா என்பதுதான் கேள்வி.

சென்னையின் ஏழைப் பகுதிகளிலிருந்து 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். யாருக்கு வீடு, யாருக்கு சானடோரியம் என்பதைச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி முடிவு செய்தார்கள். இரு பக்கத்துக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சத்தான சாப்பாடு, ஓய்வு, நர்ஸ். வீட்டில் இருந்தவர்களுக்கு அரைவயிற்றுச் சோறு, நெருக்கடியான ஒற்றை அறை, அதோடு வேலைக்கும் போக வேண்டும். வருட முடிவில் சளியில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தபோது இரண்டுக்கும் வித்தியாசம் இல்லாமலே போய்விட்டது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்த பிள்ளைகுட்டிகளுக்கும் பெரியவர்களுக்கும், நோயாளியை சானடோரியத்துக்கு அனுப்பிவிட்ட வீட்டில் இருந்தவர்களைக் காட்டிலும் அதிகமாக நோய் ஒட்டவில்லை. ஒட்ட வேண்டியது நோய் கண்டுபிடிப்பதற்கு முன்பே ஒட்டிவிடுகிறது. மருந்து உள்ளே போனதும் பரவுவது சீக்கிரமே குறைந்துவிடுகிறது என்று மகள் விளக்கினாள். இந்த முடிவு 1959-இல் வெளியாகி, உலகம் முழுக்கக் கசநோய்க்காரர்களை ஊரை விட்டு அனுப்புகிற பழக்கத்தையே மாற்றியது.

பாட்டி இருந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பேன். சொல்லாமல் இருந்திருப்பதே நல்லதோ, தெரியவில்லை.

அந்த ஆராய்ச்சியில் ஒரு சின்ன விஷயம் உண்டு. வீட்டு நோயாளிகளிடம் மாத்திரையைக் கொடுத்துவிட்டு அவர்கள் சும்மா இருக்கவில்லை. சுகாதாரப் பார்வையாளர்கள் வீட்டுக்குப் போவார்கள், சில நாள் சொல்லாமலே போவார்கள். மிச்ச மாத்திரையை எண்ணுவார்கள். மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரைச் சோதிப்பார்கள். அதாவது அந்த 86 பேர் தேறியது மாத்திரையால் மட்டும் இல்லை, வாசல்படி ஏறி வந்து எண்ணிப் பார்த்த ஆளாலும்தான். இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் அறுபத்தைந்து வருடம் கழித்து எங்கள் ஊர்ப் பெண்கள் செய்யப்போனதும் அதே வேலை.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். வைத்தியம் எப்போதும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கே வந்தது என்று நினைக்கக்கூடாது. பிரசவம் நேர் எதிராகப் போனது. நான் என் பாட்டி வீட்டுத் திண்ணை அறையில் பிறந்தவள், மருத்துவச்சி கையில். என் மகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்தாள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கும் மேல் ஆஸ்பத்திரிப் பிரசவம். தாயும் பிள்ளையும் செத்தது குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். எது வீட்டில் நடக்க வேண்டும், எது ஆஸ்பத்திரியில் நடக்க வேண்டும் என்பதை நோய்தான் சொல்லும். இதை நான் தலையில் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன், பின்னால் வருகிறேன்.

2010-க்குப் பிறகு எங்கள் நோட்டில் மருத்துவச் செலவின் முகமே மாறுகிறது. முன்பெல்லாம் பேதி, பாம்புக்கடி, காய்ச்சல். இப்போது 'கால் விரல் எடுக்க', 'பக்கவாதம்', 'கிட்னி'. எல்லாவற்றுக்கும் வேர் ஒன்று: சுகரும் பிரஷரும். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம்தான். ஆனால் மாத்திரை இலவசம் என்பதற்காக மாத்திரை வாங்கப் போவது இலவசமாகி விடாது. எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ். போனால் அன்றைக்கு நூறு நாள் வேலை போச்சு. வயதானவர்களுக்குக் கூட ஓர் ஆள் போக வேண்டும், அப்போது இரண்டு கூலி போச்சு. ஒரு மாதம் போவார்கள், அடுத்த மாதம் "இப்பத்தான் தலைசுத்தல் இல்லியே" என்று விட்டுவிடுவார்கள். இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. 2020-இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு 7.3 பேர், சர்க்கரை நோய் உள்ளவர்களில் 10.8 பேர். மற்றவர்கள் எல்லாரும் என்றைக்கோ ஒருநாள் எங்கள் கடன் நோட்டுக்கு வரவேண்டியவர்கள்தான்.

கொரோனாவில் பஸ்ஸும் நின்றது. இரண்டு வருடத்தில் எத்தனை பேர் மாத்திரையை மறந்தார்கள் என்று கணக்கு எடுக்க யாருக்கும் நேரமில்லை.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்ப்பது, மாத்திரை கொடுப்பது, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நோய் ஆதரவுச் சிகிச்சை செவிலியர் வருவது, இயன்முறை மருத்துவர் வந்து கைகால் பயிற்சி கொடுப்பது, சிறுநீரகம் பழுதானவர்கள் வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளப் பைகள் கொடுப்பது. மாத்திரை கொண்டுபோகிற தன்னார்வலர் யார் என்று கேட்டால், மகளிர் குழுப் பெண்கள். எங்கள் கூட்டமைப்புக்கும் பெயர் கேட்டு வந்தார்கள்.

அன்றைய கூட்டம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். "மாத்திர மாறிப்போயி எவனாவது செத்தா நம்ம குழுவத்தானே கேப்பாங்க?" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். ஞாயமான பயம். ஊக்கத்தொகையும் பெரிதாக ஒன்றும் இல்லை. கடைசியில் பன்னிரண்டாவது படித்த, கணவரை இழந்த ஒரு பெண் எழுந்து, "நான் போறேங்கக்கா, எங்கூட்டுக்காரரு மாத்திர நிறுத்துனதாலதான் போனாரு" என்றாள். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. தீர்மானம் நிறைவேறியது. அவள் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். செல்வி என்று வைத்துக்கொள்வோம்.

முதல் மாதங்களில் செல்வியை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. "நர்சம்மாவா? இல்லியா? அப்புறம் நீ என்ன ஊசி போடப்போற?" என்று கேலி. ஓர் ஆயா தினமும் "தின்னுட்டேன் கண்ணு" என்று சொல்லி அனுப்பிவிடும். பிரஷரோ இறங்கவே இல்லை. ஒருநாள் தண்ணீர் கேட்டு அடுப்படிக்குப் போனபோது பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் அட்டை அட்டையாக மாத்திரை. திட்டியிருந்தால் அந்த வீட்டு வாசல் மூடியிருக்கும். செல்வி பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் ஆயா, என்ன பண்ணுது?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். கால் வீங்குகிறதாம். யாரோ கிட்னி போயிடும் என்று பயமுறுத்தி விட்டார்களாம். அம்லோடிபின் மாத்திரைக்குச் சிலருக்குக் கால் வீக்கம் வருவது உண்டு என்று ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் சொல்லி, வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் பிரஷர் இறங்கியது. சேத்துப்பட்டில் மாத்திரை எண்ணியவர்கள் என்ன சொல்லிக் கேட்டார்களோ தெரியாது. செல்வி கேட்ட விதத்தை நான் எல்லாக் குழுவிலும் சொல்லிக்கொடுக்கிறேன்.

இப்போது என் தவறு. 2022 தொடக்கம். இரவு எட்டரை மணி. செல்வி எனக்குப் போன் செய்தாள். "அக்கா, மேலத்தெரு மாமாவுக்கு நாக்கு குழறுதாம், வாய் ஒருபக்கம் கோணுதுன்னு அவிய ஊட்டுல சொல்றாங்க. பிரஷர் மெஷின் எடுத்துட்டுப் போகட்டுமா?" அவருக்கு மாலையில் கொஞ்சம் குடிக்கிற பழக்கம் உண்டு. நான், "தூங்கி எழுந்தா சரியாயிடும், காலையில பாக்கலாம்" என்றேன். கூட்டமைப்புச் செயலாளர் சொன்னால் வேதவாக்கு. அவளும் போகவில்லை, அவர்களும் 108-ஐக் கூப்பிடவில்லை. காலையில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பக்கவாதத்துக்கு நாலரை மணி நேரத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரி போனால் அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். ஊசி போட்டிருந்தாலும் நடந்திருப்பாரோ மாட்டாரோ, அது வேறு. போக விடாமல் செய்தது என் வாய்.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தார். அந்த வீட்டுக்கு வாரம் ஒருமுறை இயன்முறை மருத்துவர் வந்தார். மற்ற நாட்களில் அவர் சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்யவைக்க நான் போனேன். பரிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். துணியைச் சுருட்டிக் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்வது, கதவுச் சட்டத்தைப் பிடித்து நிற்கச் சொல்வது, இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்க அவர் மனைவிக்குப் பழக்குவது. படுக்கைப்புண் வரவில்லை. எட்டாவது மாதம் கம்பு ஊன்றி டீக்கடை வரைக்கும் போனார். நான் அவரிடம் அந்த இரவைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீயாச்சும் தெனமும் வந்தே" என்றார். மன்னித்தாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

அதன் பிறகு எல்லாக் குழுவிலும் ஒரு தாளை ஒட்டினோம்: வாய் கோணுதல், கை விழுதல், பேச்சுக் குழறல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் யாரையும் கேட்காதே, 108. செயலாளரையும் கேட்காதே. அந்தக் கடைசி வரியை நானே எழுதினேன். கசநோயிலும் இதே பாடம் இப்போது நடக்கிறது. 2022-இல் வந்த காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் தெரிந்த உடனேயே எடையையும் உயரத்தையும் அளந்து, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு வேகமாக இருக்கிறதா, ஆக்சிஜன் குறைவா, பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். முடியாதவர்களை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள், மற்றவர்கள் வீட்டிலேயே மருந்து சாப்பிடுகிறார்கள். 1956-இல் கேட்ட கேள்வியின் மறுபாதி இது.

இன்னொரு வீட்டையும் சொல்லாமல் விட முடியாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிய ஒரு சகோதரி, எங்கள் பழைய ஊக்குநர்களில் ஒருவர். பெரிய ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். மகன் நிலத்தை அடமானம் வைத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் துடித்தான். "அம்மாவ ஊட்டுல போட்டுச் சாகவுட்டேன்னு ஊர் பேசும்" என்றான். அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அவன் பாசமும் பொய் இல்லை. நோய் ஆதரவுச் செவிலியர் வந்து, வலிக்கு மார்ஃபின் மாத்திரையை மணிக்கணக்குப் பார்த்து எப்படிக் கொடுப்பது, புண்ணை எப்படிக் கழுவுவது, நாற்றத்துக்கு என்ன செய்வது என்று அவனுக்கே சொல்லிக்கொடுத்தார். கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கி, மலப்புறத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களே தன்னார்வலர்களாகி வளர்த்த வேலை இது. 2008-இல் அங்கே அரசுக் கொள்கையாகவே ஆனது. எங்கள் ஊரில் குழுப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். கடைசி இருபது நாள் அவர் கூட்டக் கணக்கைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். யார் தவணை கட்டவில்லை என்று பெயர் சொல்லித் திட்டினார். நிலம் இன்னும் அந்த மகன் பெயரில்தான் இருக்கிறது.

2024-இல் மக்களைத் தேடி மருத்துவத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது என்று செய்தி வந்தபோது செல்விக்கு வாட்ஸ்அப்பில் ஏகப்பட்ட வாழ்த்து. "விருது வந்திருச்சு, ஸ்ட்ரிப்பு வரலியேக்கா" என்றாள் அவள். அந்த மாதம் சுகர் பார்க்கிற ஸ்ட்ரிப் தாமதமாக வந்தது. கொண்டாடவும் செய்தோம், ஸ்ட்ரிப்புக்கு மனுவும் எழுதினோம்.

நோட்டுகளை அடுக்கி வைக்கும்போது கடைசி இரண்டு வருடப் பதிவைத் திரும்பப் பார்த்தேன். மருத்துவச் செலவு முற்றிலும் போய்விடவில்லை. எலும்பு முறிவு, கண் அறுவை, ஒரு குழந்தையின் இதயம் எல்லாம் இருக்கின்றன. 'கால் விரல் எடுக்க' என்ற பதிவு மட்டும் போன வருடத்தில் எனக்குக் கண்ணில் படவில்லை. செல்வி சைக்கிளில் போய் வீடு வீடாகப் பாதத்தைப் பார்க்கிறாள், செருப்பில்லாமல் நடப்பவர்களைத் திட்டுகிறாள். இப்போது அவள் திட்டினால் கேட்டுக்கொள்கிறார்கள்.

போன மாதக் கூட்டத்தின் ஏழாவது தீர்மானம் என் கையெழுத்தில் இருக்கிறது: பிரஷர் மெஷினின் கைப்பட்டையில் காற்று கசிவதால் புதுப்பட்டை ஒன்றும் பேட்டரி நான்கும் பொது நிதியிலிருந்து வாங்குவது, முன்மொழிந்தவர் மேலத்தெரு மாமாவின் மனைவி.